ஐஸ் ஹவுஸ் முதல் விவேகானந்தர் இல்லம் வரை: எந்தக் காலத்தைப் பாதுகாக்கிறோம்?

அல்லிக்கேணியான்

சென்ற வாரம் ஊரிலிருந்து வந்திருந்த என் அக்காள் மகனைச் சென்னைக் கடற்கரைச் சாலையில் நடத்தி அழைத்துச் சென்றேன். விவேகானந்தர் இல்லத்தின் வாசலில் நின்றுகொண்டு, "பேருந்து நிறுத்தத்தின் பெயர் ஐஸ் ஹவுஸ், காவல் நிலையத்தின் பெயரும் ஐஸ் ஹவுஸ், ஆனால் ஐஸ் எங்கே மாமா?" என்று அவன் கேட்டான். அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமித்து வைப்பதற்காக 1842இல் எழுப்பப்பட்ட கட்டடம் இது என்று நான் சொன்னபோது, கதை விடுகிறேன் என்றுதான் அவன் நினைத்தான். உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்த பிறகும் அவனுக்கு முழு நம்பிக்கை வரவில்லை. அவன் மேல் குற்றம் சொல்லவும் முடியாது, ஏனென்றால் இன்றைய கட்டடத்தில் பனிக்கட்டிக் கிடங்கின் சாயல் கண்ணுக்கு எளிதில் புலப்படுவதில்லை.

பாஸ்டன் வணிகர் ஃபிரெடரிக் டியூடர் கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்று ஊர்களிலும் பனிக்கட்டிக் கிடங்குகளை வைத்திருந்தார். மற்ற இரண்டும் மறைந்துவிட்டன. பம்பாய்க் கிடங்கு இருந்த இடத்தில் இப்போது காமா கீழ்த்திசை ஆய்வு நிறுவனம் நிற்கிறது. எஞ்சியிருப்பது நம் ஊரில் உள்ள ஒன்று மட்டுமே. அப்படியிருக்க, இந்தக் கட்டடத்தின் முதல் அடையாளமாகிய பனிக்கட்டி வணிகத்தை அல்லவா முன்னிறுத்திப் பாதுகாக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. பழைய கட்டடங்களில் ஈடுபாடுள்ள நண்பர்கள் தங்கள் கருத்தைச் சொல்ல வேண்டுகிறேன்.

ஆவணப்பித்தன்

உங்கள் ஆதங்கம் புரிகிறது. ஆனால் "முதல் அடையாளம்" என்று நீங்கள் சொல்வதை மீட்கப் புறப்பட்டால் என்ன ஆகும் என்பதைக் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். பனிக்கட்டிக் கிடங்குக்குச் சன்னல் பகை. வெயிலும் காற்றும் உள்ளே வராமல் தடுப்பதுதான் அந்தக் கட்டடத்தின் ஒரே வேலை. இன்று நாம் பார்க்கும் சன்னல் வரிசைகளும் வட்டமாக ஓடும் தாழ்வாரங்களும் டியூடர் கட்டியவை அல்ல. பனிக்கட்டி வணிகம் நொடித்த பிறகு கட்டடத்தை வாங்கிய உயர்நீதிமன்ற வழக்கறிஞர் பிலிகிரி ஐயங்கார் வீடாக மாற்றுவதற்காகச் சேர்த்தவை அவை. அப்போது உயர்நீதிமன்ற நீதிபதியாக இருந்த தம் நண்பர் கெர்னனின் நினைவாக மாளிகைக்கு "காஸில் கெர்னன்" என்று பெயரும் வைத்தார். ஆக, நாம் பார்த்து ரசிக்கும் முகப்பே ஐயங்காரின் முகப்புதான். பனிக்கட்டிக் காலத்தை மீட்கிறோம் என்று தொடங்கினால் முதல் வேலையாக அந்தச் சன்னல்களைச் செங்கல் வைத்து அடைக்க வேண்டியிருக்கும்.

வணிகம் ஏன் நொடித்தது என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். மசாசூசெட்ஸ் மாநிலத்தில் குளிர்காலத்தில் உறைந்த குளங்களிலிருந்து வெட்டி, ஆயிரக்கணக்கான மைல்கள் கடல்வழியாகக் கொண்டுவந்து விற்கும் தொழில் அது. 1833இல் கல்கத்தாவுக்குச் சென்ற டியூடரின் முதல் கப்பலில் ஏற்றப்பட்டது 180 டன், நான்கு மாதப் பயணத்துக்குப் பிறகு கரை சேர்ந்தது ஏறத்தாழ 100 டன். ஏறக்குறைய பாதி கடலிலேயே கரைந்து போயும் லாபம் வந்த தொழில் என்றால், இங்கே அதற்கு இருந்த மதிப்பை ஊகித்துக்கொள்ளலாம். ஆனால் 1870களில் நீராவிப் பொறியின் துணையோடு பனிக்கட்டியை இங்கேயே உற்பத்தி செய்யும் ஆலைகள் வந்தன, சென்னையில் 1874இல் அத்தகைய நிறுவனம் ஒன்று தொடங்கப்பட்டது. உள்ளூரில் கிடைக்கும் பொருளை யார் கடல் கடந்து வாங்குவார்கள்?

இந்தக் கட்டடம் பனிக்கட்டிக் கிடங்காக இருந்தது ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் என்று வைத்துக்கொள்ளலாம். வேறு பல வேலைகளுக்குப் பயன்பட்டது நூற்றாண்டுக்கும் மேல். எதை "அசல்" என்று நாம் அழைப்பது?

மெரினா நடையன்

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். நான்கு மாதம் கப்பலில் வந்த பனிக்கட்டி எப்படித் தாங்கியது? மேலும், கட்டடத்துக்கும் கடலுக்கும் இடையே இவ்வளவு மணல் கிடக்கிறதே, அதைக் கடந்து எப்படிச் சுமந்தார்கள்? நாள்தோறும் காலையில் அந்த வழியாக நடக்கிறேன், இவ்வளவு நாளும் இந்தக் கேள்வி எனக்குத் தோன்றவில்லை என்பது வெட்கமாக இருக்கிறது.

ஆவணப்பித்தன்

முதல் கேள்விக்கு விடை மரத்தூள். மர அறுப்பு ஆலைகளில் குப்பையாகக் கிடந்த மரத்தூளை வெப்பம் புகாத போர்வையாக டியூடர் பயன்படுத்தினார். பனிக்கட்டிகளை ஒரே அளவான சதுரக் கட்டிகளாக வெட்டினால் இடைவெளி இல்லாமல் நெருக்கி அடுக்கலாம், காற்று புக இடமில்லாதபோது உருகுவதும் குறையும். அப்படி வெட்டுவதற்கென்றே குதிரை இழுக்கும் கலப்பை போன்ற கருவி ஒன்றை நதானியேல் வைத் என்பவர் 1825இல் உருவாக்கினார், அவர் டியூடரிடம் பணியாற்றியவர். கரை சேர்ந்த பிறகு தடித்த சுவர் கொண்ட கிடங்கில் அதே போர்வை முறை தொடர்ந்தது. மசாசூசெட்ஸில் உள்ள வால்டன் குளத்தில் 1846-47 குளிர்காலத்தில் பனிக்கட்டி வெட்ட வந்த ஆட்களைப் பற்றி, அப்போது அந்தக் கரையில் குடிசை போட்டு வாழ்ந்த அமெரிக்க எழுத்தாளர் தோரோவே எழுதி வைத்திருக்கிறார். அந்தக் குளத்து நீர் சென்னைக்கும் வந்து சேரும் என்ற எண்ணம் அவருக்கு வியப்பைத் தந்திருக்கிறது.

இரண்டாவது கேள்விக்கு விடை இன்னும் சுவையானது. அன்று அந்த மணல்வெளியே இல்லை. துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர்கள் 1876 முதல் கட்டப்பட்ட பிறகு, தெற்கிலிருந்து வடக்கே கடலோரமாக நகரும் மணல் அங்கே தடைபட்டுத் தென்புறம் சேரத் தொடங்கியது. அப்படி ஆண்டுக்கு ஆண்டு அகன்றதுதான் இன்றைய மெரினா. அதற்கு முன் அலைகள் இன்றைய சாலைக்கு அருகிலேயே வந்து போயின. துறைமுகம் இல்லாத அந்தக் காலத்தில் கப்பல்கள் தொலைவில் நங்கூரமிட்டு நிற்கும். ஆணி அடிக்காமல் கயிற்றால் தைத்த மசூலா படகுகள்தான் அலைகளைத் தாண்டிச் சரக்கைக் கரைக்குக் கொண்டுவரும். கிடங்கைக் கடலுக்கு நேர் எதிரே கட்டியதற்குக் காரணம் இதுதான். வெயிலில் பனிக்கட்டி சுமக்கப்படும் தூரம் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு மிச்சம்.

மயிலை அன்பன்

ஆவணப்பித்தன் ஐயா விளக்கியது நன்று. ஆனால் இந்தக் கட்டடம் இன்றும் நிற்பதற்கு முதற்காரணம் பனிக்கட்டியும் அல்ல, ஐயங்காரின் சன்னல்களும் அல்ல என்பது என் கருத்து. சிகாகோ சமய மாநாட்டுக்குப் பிறகு மேலைநாடுகளிலிருந்து திரும்பிய சுவாமி விவேகானந்தர் 1897 பிப்ரவரி 6ஆம் நாள் சென்னை எழும்பூர் நிலையத்தில் வந்து இறங்கினார். மக்கள் திரண்டு வந்து ஊர்வலமாக அவரை அழைத்துவந்து சேர்த்த இடம் காஸில் கெர்னன். 15ஆம் நாள் கப்பலேறிக் கல்கத்தா புறப்படும் வரை அவர் இங்கேதான் தங்கினார். அவருடைய புகழ்பெற்ற சென்னைச் சொற்பொழிவுகள் இந்த நாட்களில் நிகழ்ந்தவை.

சென்னையில் நிலையான மடம் ஒன்று வேண்டும் என்று அன்பர்கள் வேண்டிக்கொண்டதன் பேரில், அவர் தம் சகோதரத் துறவியான இராமகிருஷ்ணானந்தரை அதே ஆண்டு மார்ச்சில் அனுப்பி வைத்தார். தென்னிந்தியாவின் முதல் இராமகிருஷ்ண மடம் இந்த மாளிகையின் ஒரு பகுதியில்தான் இயங்கியது. வீட்டுக்காரரான பிலிகிரி ஐயங்கார் 1902இல் காலமானார், 1906இல் மாளிகை ஏலத்துக்கு வந்தது. அன்பர்கள் ஏலத்தில் எடுத்து மடத்துக்குத் தர முயன்றும் இயலவில்லை. புதிய உரிமையாளர் வந்த பிறகு இராமகிருஷ்ணானந்தர் வளாகத்தின் புறவீட்டுக்கு மாறி, 1907இல் மயிலாப்பூரில் மடத்துக்குச் சொந்தக் கட்டடம் அமையும் வரை அங்கேயே பணியைத் தொடர்ந்தார். மடம் அன்று ஏலத்தில் இழந்த கட்டடம் அது என்ற நினைவோடு இதைப் பார்த்தால்தான், 1963இல் சுவாமியின் நூற்றாண்டு விழாவை ஒட்டி அரசு இதற்கு விவேகானந்தர் இல்லம் என்று பெயர் சூட்டியதும், 1997இல் மடத்துக்குக் குத்தகையாகக் கொடுத்ததும் எவ்வளவு பொருத்தம் என்பது விளங்கும். குத்தகைக்கு வந்த பிறகு பழுதுபார்த்து, கண்காட்சி அமைத்து, சுவாமி தங்கிய மேல்மாடி அறையைத் தியான அறையாகப் பேணி வருகிறார்கள். எதற்காகப் பாதுகாக்கிறோம் என்ற தெளிவு இருப்பவர்கள் கையில் இருப்பதால்தான் இது பிழைத்திருக்கிறது.

கடலோரப் பேத்தி

இந்த இழையைத் தொடக்கம் முதல் படித்து வருகிறேன். 1842இல் தொடங்கி, 1897இல் கொஞ்சம் நின்று, 1906இலிருந்து ஒரே தாவலாக 1963க்கு வந்துவிட்டீர்கள். நடுவில் இருந்த ஐம்பத்தேழு ஆண்டுகள் எங்கே போயின என்று யாரும் கேட்கவில்லை. என் பாட்டியின் அக்காள் அந்த ஆண்டுகளில் அந்தக் கட்டடத்தில் இருந்தவர் என்பதால் நான் கேட்கிறேன்.

1917இல் அரசு அந்த மாளிகையைப் பெற்று, சகோதரி சுப்புலட்சுமி அம்மையார் நடத்திய இளம் விதவையர் இல்லத்துக்குக் கொடுத்தது. அம்மையாரே பதினோரு வயதில் மணமாகி, சிறிது காலத்திலேயே கணவரை இழந்தவர். 1911இல் சென்னை மாகாணத்தின் முதல் இந்து விதவைப் பட்டதாரியாகத் தேறி, அடுத்த ஆண்டே நான்கு சிறுமிகளோடு எழும்பூரில் தம் இல்லத்தைத் தொடங்கினார். பிள்ளைகள் பெருகப் பெருக இடம் போதாமல் வீடு மாற வேண்டியிருந்தது. விதவைகள் கூட்டமாக வசிக்கும் வீடு அக்கம்பக்கத்தில் இருப்பதை யார் அன்று விரும்பியிருப்பார்கள்? வெளியே கிளம்புகிறவர்கள் எதிரே ஒரு விதவை வந்தால் திரும்பி உள்ளே போய்த் தண்ணீர் குடித்துவிட்டுப் புறப்பட்ட காலம் அது. கடற்கரையோரமாகத் தனித்து நின்ற, யாருக்கும் பெரிதாகத் தேவைப்படாத பழைய ஐஸ் கிடங்கு, அந்தப் பெண்களுக்கு வாய்த்ததற்கு அதுவும் ஒரு காரணமாக இருந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். 1914இல் தொடங்கிய இராணி மேரி கல்லூரி அதே கடற்கரையில் நடந்து போகும் தொலைவில் இருந்தது. 1922இல் பக்கத்திலேயே லேடி வில்லிங்டன் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியும் வந்தது. நார்மடி உடுத்தி மூலையில் உட்கார வைக்கப்பட வேண்டிய பிள்ளைகள் அங்கிருந்து ஆசிரியைகளாக வெளியே வந்தார்கள்.

பெரிய பாட்டி தஞ்சாவூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து பன்னிரண்டு வயதில் அங்கே வந்து சேர்ந்தவர். முதல் இரவு கடலின் இரைச்சலில் தூக்கம் வரவில்லை என்றும், பெரிய வட்டச் சுவருக்குள் படுத்திருப்பது கிணற்றுக்குள் படுத்திருப்பது போல இருந்தது என்றும் அவர் சொல்லக் கேட்டிருக்கிறேன். பிறகு முப்பது ஆண்டுகள் பள்ளி ஆசிரியையாக இருந்து, என் பாட்டியின் பிள்ளைகளில் இருவரைப் படிக்கவைத்தவரும் அவரே. இந்த இல்லத்துக்குப் பிறகும் 1940களிலிருந்து 1993 வரை அந்தக் கட்டடம் ஆசிரியப் பயிற்சி பெறுபவர்களின் விடுதியாகத்தான் இருந்தது. கூட்டிப் பாருங்கள். பனிக்கட்டி இருந்த காலத்தை விடவும், சுவாமிஜி தங்கிய நாட்களையும் மடம் இருந்த ஆண்டுகளையும் சேர்த்துக் கணக்கிட்டாலும் அவற்றை விடவும், ஆசிரியைகள் ஆனவர்களும் ஆகப் படித்தவர்களும் அங்கே குடியிருந்த காலம்தான் நீளம். யாரையும் குறைத்துப் பேச நான் வரவில்லை. பாதுகாப்பு என்று பேசும்போது அவர்களையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள் என்கிறேன்.

மயிலை அன்பன்

அம்மா, தாங்கள் சொன்னதை நான் விட்டுவிட்டது பிழைதான், ஏற்கிறேன். ஆனால் நாட்களை எண்ணி மதிப்பிடுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. ஒன்பது நாளில் நிகழ்ந்தது ஐம்பது ஆண்டுகளில் நிகழ்ந்ததை விட ஒரு நாட்டின் போக்கை மாற்றியிருக்கலாம். அதே நேரத்தில், தாங்கள் சொன்ன கதைக்கும் சுவாமிஜியின் கதைக்கும் இடையே பெரிய இடைவெளி இருப்பதாகவும் எனக்குத் தோன்றவில்லை. பெண்கல்வி குறித்து அவர் திரும்பத் திரும்பப் பேசியவர். அம்மையார் தம் அமைப்புக்குச் சாரதா என்றுதான் பெயர் வைத்தார். ஒரு கதை மற்றொன்றை மறைக்க வேண்டிய தேவையே இல்லை.

கடலோரப் பேத்தி

மறைக்கத் தேவையில்லை என்பது சரி. ஆனால் கட்டடத்துக்கு ஒரே ஒரு பெயர்தான் வைக்க முடிகிறது, வாசலில் ஒரே ஒரு பெயர்தான் பொறிக்கப்படுகிறது. அந்தப் பெயரைப் பார்த்துத்தான் மக்கள் உள்ளே வருகிறார்கள், தேடி வந்ததைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். நான் சொல்வது அவ்வளவுதான்.

சுண்ணச்சாந்து

யாருடைய காலத்தைப் பாதுகாப்பது என்று பேசிக்கொண்டிருக்கிறீர்கள். நான் பழைய கட்டடங்களைப் பழுதுபார்க்கும் வேலையில் இருப்பவன். முதலில் சுவரைப் பாதுகாத்தால்தான் சண்டை போடுவதற்காவது ஒரு கட்டடம் இருக்கும் என்பதால், அதைப் பற்றிக் கொஞ்சம் எழுத அனுமதி கேட்கிறேன்.

கடற்கரைச் சாலையில் நிற்கும் பழைய கட்டடங்களுக்கெல்லாம் பொதுவான எதிரி உப்பு. கடற்காற்றில் நுண்துளிகளாக வரும் உப்பும், அடித்தளத்திலிருந்து ஈரத்தோடு மேலேறும் உப்பும் செங்கல்லுக்குள் புகுந்துவிடும். ஈரம் ஆவியாகும்போது உப்பு படிகமாகி விரியும், அந்த விரிவில் செங்கல்லின் முகம் பொடிப்பொடியாக உதிரும். நம் ஊரில் உப்புப் பூத்தல் என்பது இதுதான். நம் முன்னோர் கட்டிய சுண்ணாம்புச் சாந்துக்கு ஒரு குணம் உண்டு, அது மூச்சு விடும். உள்ளே போன ஈரம் பூச்சின் வழியாகவே வெளியேறிவிடும். உப்பு பூத்தால் பூச்சில்தான் பூக்கும், பூச்சு உதிர்ந்தால் மறுபடி பூசிக்கொள்ளலாம், செங்கல் தப்பும். பூச்சு என்பது கட்டடத்தின் பலியாடு என்று என்னுடைய ஆசான் சொல்லுவார்.

சிமெண்டுப் பூச்சு வந்ததும் இந்த ஏற்பாடு தலைகீழானது. சிமெண்டு ஈரத்தை வெளியே விடாது. ஈரம் உள்ளேயே தங்கும், உப்பு பூச்சுக்குப் பின்னால் செங்கல்லிலேயே பூக்கும். வெளியிலிருந்து பார்த்தால் சுவர் வழுவழுப்பாக, புத்தம் புதிதாக இருக்கும். சில ஆண்டுகள் கழித்துப் பூச்சு ஒரு பாளமாகப் பிரிந்து விழும்போது, கூடவே செங்கல்லும் அரை அங்குலம் வந்துவிடும். இதன் மேல் பளபளப்பான பிளாஸ்டிக் பெயிண்டு அடித்தால் கேட்கவே வேண்டாம். அதனால்தான் பழைய கட்டடத்துக்கு நல்லது செய்கிறேன் என்று சிமெண்டு மூட்டையோடு வருகிறவரைக் கண்டால் எனக்கு அச்சமாக இருக்கிறது. இடிக்க வருகிறவரைத் தடுக்க நீதிமன்றம் இருக்கிறது, இவரைத் தடுக்க யார் இருக்கிறார்கள்?

சுண்ணாம்பு வேலைக்குப் பொறுமை வேண்டும். சுண்ணாம்பை நீற்றிப் பல நாட்கள் ஊறவைக்க வேண்டும், மணலோடு சேர்த்து அரைக்க வேண்டும், கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரை அளவாக விட வேண்டும். பூசிய பிறகு காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்து மெல்ல மெல்லக் கல்லாக இறுக அது எடுத்துக்கொள்ளும் காலத்தைக் கொடுக்க வேண்டும். பழைய சென்னையின் புகழ்பெற்ற பளிங்குப் பூச்சுக்குக் கிளிஞ்சல் சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்ந்தன. இன்றைய ஒப்பந்தப்புள்ளி முறையில் மூன்று மாதத்தில் வேலையை முடித்துத் தர வேண்டும் என்று எழுதிவிட்டால், ஒப்பந்தக்காரர் வேறு வழியில்லாமல் சிமெண்டைக் கலக்கிவிடுவார். திருவல்லிக்கேணியில் நான் வேலை பார்த்த ஒரு பழைய வீட்டில், மேலே சுண்ணாம்பு போலத் தெரிந்த பூச்சைச் சுத்தியலால் தட்டியபோது டங்கென்று ஒலித்தது. சுண்ணாம்பாக இருந்தால் மந்தமாகத்தான் ஒலிக்க வேண்டும். முந்தைய கொத்தனார் சிமெண்டில் பூசி மேலே வெள்ளையடித்துவிட்டுப் போயிருந்தார். வீட்டுக்காரர் சுண்ணாம்பு வேலைக்கு உரிய பணத்தை முழுதாகக் கொடுத்திருந்தார்.

பழஞ்சாலை

சுண்ணச்சாந்து எழுதியதோடு ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். கட்டடத்தைச் சுண்ணாம்பு காப்பாற்றுகிறது, ஆனால் அந்தச் சுண்ணாம்பைப் பூச வேண்டும் என்ற அக்கறையைத் தருவது பயன்பாடு. இதே சாலையில் சற்று வடக்கே உள்ள சேப்பாக்கம் அரண்மனையைப் பாருங்கள். 1768இல் ஆர்க்காட்டு நவாப் முகமது அலி வாலாஜாவுக்காகக் கட்டப்பட்ட கலச மகாலும் உமாயூன் மகாலும், 1855இல் கடைசி நவாப் வாரிசின்றி இறந்த பிறகு அரசின் கைக்குப் போய் அலுவலகங்களாயின. அலுவலகமாக இருந்ததும் பயன்பாடுதானே என்று கேட்கலாம். கோப்புகளை அடுக்கி, இடையிடையே தடுப்பு எழுப்பி, கண்ட இடத்தில் மின்கம்பி இழுத்த பயன்பாடு அது. 2012 சனவரியில் கலச மகால் தீக்கிரையாகி, தீயணைக்கப் போன வீரர் ஒருவரின் உயிரும் போனது. மறு ஆண்டு உமாயூன் மகாலின் கூரையில் ஒரு பகுதி சரிந்தது. அதன் பிறகுதான் பொதுப்பணித் துறை சுண்ணாம்பு, தேக்கு உத்திரம், மெட்ராஸ் டெரஸ் எனப்படும் செங்கல், சுண்ணாம்புத் தட்டைக்கூரை என்று பழைய முறைக்கே திரும்பி இரண்டையும் சீரமைத்தது. கலச மகாலில் பசுமைத் தீர்ப்பாயம் அமைந்தது, உமாயூன் மகால் அருங்காட்சியகத்துக்கென ஒதுக்கப்பட்டது.

அந்த வகையில் ஐஸ் ஹவுஸ் நல்லூழ் உடையது. கிடங்கு, வீடு, மடம், இல்லம், விடுதி, கண்காட்சி என்று ஒருவர் விட்டால் மற்றொருவர் என அதற்கு ஆள் கிடைத்துக்கொண்டே இருந்தார்கள். ஒவ்வொருவரும் எதையாவது மாற்றினார்கள் என்பது உண்மை. மாற்ற யாரும் வராமல் இருந்திருந்தால் பம்பாய், கல்கத்தாக் கிடங்குகளின் வழியில்தான் இதுவும் போயிருக்கும். சட்டத்தை நம்பி இருந்திருக்கவும் முடியாது. மரபுச் சின்னங்களுக்கென ஆணையம் அமைக்கும் சட்டம் 2012இல்தான் தமிழ்நாட்டில் இயற்றப்பட்டது, அது நடைமுறைக்கு வர மேலும் பத்தாண்டுகளுக்கு மேல் பிடித்தது.

மெரினா நடையன்

இன்று காலை நடக்கும்போது வேண்டுமென்றே நின்று பார்த்தேன். சன்னல்கள் எல்லாவற்றையும் மனத்தில் அடைத்துவிட்டு, வெறும் வட்டச் சுவராக எண்ணிப் பார்த்தபோது கிடங்கு தெரிந்தது. பிறகு சன்னல்களைத் திறந்துவிட்டேன், வீடு தெரிந்தது. வேடிக்கையாகத்தான் இருந்தது, ஆனால் முப்பது ஆண்டுகளில் முதல் முறையாக அந்தக் கட்டடத்தைப் பார்த்தேன் என்றே சொல்ல வேண்டும். மேல்மாடியில் எந்த அறையில் அந்தப் பிள்ளைகள் படுத்திருப்பார்கள் என்று மட்டும் என்னால் ஊகிக்க முடியவில்லை.

அல்லிக்கேணியான்

இழையைத் தொடங்கியவன் என்ற முறையில் என் நிலைப்பாட்டைத் திருத்திக்கொள்கிறேன். பனிக்கட்டிக் காலத்தை முன்னிறுத்த வேண்டும் என்று நான் சொன்னது, அது விந்தையான கதை என்பதால்தான். விந்தையாக இருப்பதாலேயே அதற்கு முதலிடம் கிடைத்துவிடாது. ஆனால் ஒரு கோரிக்கையை மட்டும் விடாமல் வைத்திருக்கிறேன். சன்னல் எது, பழைய சுவர் எது, பிற்காலப் பூச்சு எது என்று வருகிறவர்கள் கண்டுகொள்ளும்படி, பூச்சை ஒரு சிறு சதுரம் மட்டும் நீக்கி அடுக்குகளைக் காட்டி வைக்கும் வழக்கம் பல மரபுக் கட்டடங்களில் உண்டு. அப்படி ஒன்றை இங்கே செய்வது கட்டடத்துக்குத் தீங்காகுமா என்று சுண்ணச்சாந்து ஐயாதான் சொல்ல வேண்டும்.

சுண்ணச்சாந்து

தீங்கில்லை, கடலைப் பார்த்த பக்கத்தில் செய்யாமல் உட்சுவரில் செய்தால் போதும். திறந்த இடத்தைக் கண்ணாடியால் இறுக மூடிவிடக் கூடாது, ஈரம் போக இடைவெளி விட வேண்டும். ஒரு அடிச் சதுரம் தாராளம். அதில் அடுக்குக்கு ஒரு ஆண்டும் ஒரு பெயரும் எழுதி வைத்தால், கடலோரப் பேத்தி அம்மா கேட்டதற்கும் அதிலேயே இடம் இருக்கும்.

கடலோரப் பேத்தி

அந்த ஒரு அடிச் சதுரம் எனக்குச் சம்மதம். பெரிய பாட்டியின் பெட்டியில் அவர் மாணவியாக இருந்தபோது எழுதிய கணக்கு நோட்டு ஒன்று இருக்கிறது, முதல் பக்கத்தில் பெயரும் முகவரியும் மசியால் எழுதியிருக்கிறார். ஓய்வு பெற்றுப் பல ஆண்டுகள் கழித்து, 1963க்கும் பிறகு, தோழிகளுக்கு எழுதிய கடிதங்களிலும் அந்த இடத்தைக் குறிப்பிடும்போது அதே பெயரைத்தான் எழுதியிருக்கிறார். "ஐஸ் ஹவுஸ், திருவல்லிக்கேணி." நோட்டைப் படமெடுத்து வைத்திருக்கிறேன், யாராவது ஆவணப்படுத்துகிறவர்கள் இருந்தால் தனிமடலில் கேளுங்கள், அனுப்புகிறேன்.